பின்னிலம் தேடிய துறைமுகம்: திரியெஸ்தே நகரின் முந்நூறு ஆண்டுகள்

துறை என்னும் சொல்லைத் தமிழ் பல பொருளில் ஆள்கிறது. ஆற்றில் இறங்கும் இடம் துறை. கலம் வந்து சேரும் இடம் துறை. திணையின் உட்பிரிவும் துறை. அரசு அலுவல்களின் பிரிவும் இன்று துறையே. இவற்றுள் முதல் இரண்டையும் இணைத்து நிற்கும் கருத்து, ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குள் புகுவதற்கு உரிய வழி என்பதாகும். ஆகவே ஒரு துறைமுகத்தின் வரலாற்றை அறிய முற்படுவோர் கடலை மட்டும் பார்த்தல் போதாது. அதன் முதுகுப்புறத்தே விரிந்து கிடக்கும் நிலத்தையும் பார்த்தல் வேண்டும். புவியியலார் அதனைப் பின்னிலம் என்பர். கப்பல் கொணரும் சரக்கை வாங்குவதும், கப்பலுக்கு வேண்டிய சரக்கை விளைத்து அனுப்புவதும் அந்தப் பின்னிலந்தான்.

பின்னிலம் ஓர் அரசுக்கும் துறைமுகம் வேறோர் அரசுக்கும் உரியதாகிவிட்டால் என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடையாக ஒரு நகரத்தையே காட்டலாம். ஏட்ரியாட்டிக் கடலின் வடகோடியில், இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையில் அமைந்த திரியெஸ்தே அந்நகரம். அதன் பின்னால் கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் சுவர்போல் எழுகிறது. சில கல் தொலைவு ஏறினால் சுலோவேனிய நாட்டு எல்லை வந்துவிடும். 18 மீட்டர் வரை இயற்கையாகவே ஆழம் வாய்ந்த இத்துறையில் இறங்கும் சரக்கின் பெரும்பகுதி இத்தாலிக்கு உரியதன்று. ஆஸ்திரியா, ஜெர்மனி, ஹங்கேரி, செக் நாடு ஆகியவற்றை நோக்கி அது மலையேறிச் செல்கிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்த ஊர் என்னும் அளவில் திரியெஸ்தேயை நம் வட்டத்து அன்பர் பலர் அறிந்திருக்கலாம். அவ்வூரில் இலக்கியம் தழைத்தமைக்கும், பின்னர் அங்கே மொழியின் பெயரால் தீ மூண்டமைக்கும் துறைமுகமே களமாக இருந்தது. சரக்குக்கு வழங்கப்பட்ட உரிமையும் மனிதர்க்கு வழங்கப்பட்ட உரிமையும் இந்நகரில் எப்போது இணைந்து நடந்தன, எப்போது பிரிந்தன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பளத்தில் எழுந்த நகரம்

உரோமர் காலத்தில் தெர்கெஸ்தே எனப்பட்ட இச்சிற்றூர், அண்டை வல்லரசாகிய வெனிசுக்கு அஞ்சி, 1382இல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மரபினரிடம் அடைக்கலம் புகுந்தது. அதன்பின் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் குறிப்பிடத்தக்க வளர்ச்சி எதனையும் அது காணவில்லை. ஏட்ரியாட்டிக் முழுவதும் தன்னுடைய வளைகுடா என்று வெனிஸ் உரிமை கொண்டாடி வந்ததே காரணம். கடற்கரை இருந்தும் கடல் இல்லாத நிலை அது.

பேரரசர் ஆறாம் சார்லஸ் 1717இல் ஏட்ரியாட்டிக்கில் யாவரும் தடையின்றிக் கலம் செலுத்தலாம் என அறிவித்தார். 1718இல் துருக்கிய ஒட்டோமான் பேரரசோடு வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. 1719 மார்ச் 18ஆம் நாள் திரியெஸ்தேயும் ஃபியூமேயும் தீர்வையில்லாத் துறைமுகங்கள் என்று ஆணை பிறந்தது. எந்நாட்டு வணிகரும் வரலாம்; கொண்டுவந்த சரக்கை இறக்கிக் கிடங்கில் வைக்கலாம்; விலை பொருந்தும்போது விற்கலாம்; பொருந்தாவிடில் மீண்டும் கப்பலேற்றிச் செல்லலாம். சரக்கு பேரரசின் உள்நாட்டுக்குள் நுழையும்போது மட்டுமே சுங்கம். துறைமுகத்தின் அளவில், இது யாருடைய சரக்கு, எங்கு விளைந்தது என்று கேட்டு வரி தண்டுவார் இலர்.

மன்னரின் மகள் மரியா தெரசா அரசு கட்டிலேறிய பின்னரே (1740–1780) ஆணை நகரமாக உருவெடுத்தது. மதிலுக்கு வெளியே கிடந்த உப்பளங்கள் தூர்க்கப்பட்டு, நேர்த்தெருக்கள் வகுக்கப்பட்டன. கப்பல்கள் தெருவுக்குள்ளேயே வந்து சரக்கிறக்கும்படி ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. 1740இல் மூழ்கிய சான் கார்லோ என்னும் போர்க்கப்பலின் உடலத்தையே அடித்தளமாக வைத்து ஒரு கடற்பாலம் கட்டினர். அப்பாலத்தைப் பின்னரும் நாம் சந்திப்போம்.

ஆளின்றித் துறை நடவாது. ஆகவே சரக்குக்குத் தந்த விடுதலையை அரசு ஆட்களுக்கும் தரவேண்டியதாயிற்று. ஒட்டோமான் நாட்டிலிருந்து கிரேக்கரும் செர்பியரும், பல ஊர்களிலிருந்து யூதரும், ஜெர்மானியரும் ஆர்மீனியரும் வந்து குடியேறினர். இரண்டாம் ஜோசப் 1781இல் வெளியிட்ட சமயப் பொறையுடைமை ஆணை அவர்தம் வழிபாட்டுக்கு வழிவகுத்தது. இன்றும் கால்வாய்க் கரையில் கத்தோலிக்கக் கோயிலும் செர்பியரின் கோயிலும் அருகருகே நிற்பதையும், கடல்முகப்பில் கிரேக்கர் கோயில் நிற்பதையும் காணலாம். அருளாளரின் கருணையால் மட்டும் விளைந்த நல்லிணக்கம் என்று இதனைச் சொல்வதற்கில்லை. கணக்குப் புத்தகமும் அதில் பங்கு கொண்டது. ஆயினும் கணக்கினால் வந்த நல்லிணக்கமும் நல்லிணக்கமே.

இந்தியக் கடலோடு இந்நகருக்கு ஏற்பட்ட பழந்தொடர்பு ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியில் வங்காளத்தில் பணியாற்றி, அதனோடு முரண்பட்டு நாடு கடத்தப்பட்டவர் வில்லியம் போல்ட்ஸ். அவர் மரியா தெரசாவின் பட்டயம் பெற்று ஆஸ்திரியாவுக்காக ஒரு கீழ்த்திசை வணிகக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் கப்பல் மலையாளக் கரையில் வணிக நிலையங்களை நிறுவியது; 1778இல் நிக்கோபார்த் தீவுகளில் ஆஸ்திரியக் கொடியையும் ஏற்றியது. 1785க்குள் அக்கழகம் நொடித்துப்போயிற்று; தீவில் விடப்பட்டவர்கள் நோயில் மடிந்தனர். அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பல காரணம் உண்டு. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. துறைமுகத்துக்கும் வியன்னாவுக்கும் இடையே அன்று மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் செல்லும் மலைப்பாதை மட்டுமே இருந்தது. பின்னிலத்தை எட்டும் வழி இல்லாத நிலையில் கீழ்த்திசைக் கனவுக்குக் கால் இல்லை.

மலையைக் கடந்த இருப்புப்பாதை

அக்குறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு தீர்த்தது. 1831இல் அசிகுராசியோனி ஜெனராலி என்னும் காப்புறுதிக் கழகமும், 1833இல் ஆஸ்திரிய லாயிட் என்னும் கழகமும் திரியெஸ்தேயில் தோன்றின. கப்பல்கள் பற்றிய செய்திகளைத் திரட்டித் தரவே தொடங்கிய லாயிட், 1836இல் தானே நீராவிக் கப்பல்களைச் செலுத்த முற்பட்டது. ஜெனராலி கழகத்தின் பிராகா அலுவலகத்தில் 1907–08இல் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவரை இலக்கிய அன்பர் யாவரும் அறிவர். அவர் பெயர் பிரான்ஸ் காஃப்கா. துறைமுகத்தின் கை எவ்வளவு தொலைவு நீண்டிருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

வியன்னாவிலிருந்து திரியெஸ்தே வரை ஏறத்தாழ 577 கிலோமீட்டர் நீளமுள்ள தென் இருப்புப்பாதை 1857 ஜூலையில் நிறைவுற்றது. இடையே செம்மரிங் கணவாயை 41 கிலோமீட்டர் தொலைவு, 16 உயர்பாலங்கள் அமைத்துக் கடந்தவர் கார்ல் ஃபான் கேகா என்னும் பொறியாளர். வெனிசில் பிறந்த ஆல்பேனியக் குடும்பத்தவர் அவர். பாறையும் பள்ளமுமான கார்ஸ்ட் மேட்டிலிருந்து கடல்மட்டத்துக்குப் பாதை இறங்கியபோது, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்த நாடுகளுக்கு முதன்முறையாக ஒரு தென்கடல் கிடைத்தது.

1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தது. அக்கால்வாய்க் கழகத்தின் துணைத்தலைவருள் ஒருவரும் திரியெஸ்தேயின் பெருஞ்செல்வருமான பாஸ்குவாலே ரெவோல்தெல்லா, திறப்புவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே மறைந்துவிட்டார். அவர் எதிர்பார்த்ததோ தவறாமல் நிகழ்ந்தது. லாயிட் கப்பல்கள் பம்பாய், கொழும்பு, கல்கத்தா, சீனம், சப்பான் எனச் செல்லலாயின. கீழ்த்திசையிலிருந்து அரிசியும் பருத்தியும் காப்பிக்கொட்டையும் வந்தன. பொஹீமியாவின் சர்க்கரையும் கண்ணாடியும், ஆல்ப்ஸ் மலைக்காடுகளின் மரமும் வெளியேறின. இருப்புப்பாதை நிலையத்தை ஒட்டியே புதிய துறைமுகம் ஒன்று கட்டப்பட்டது. கப்பலிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து சரக்குவண்டிக்கும் சில அடித் தொலைவே. வந்த அரிசியைத் தீட்டுவதற்கு நகரின் சான் சாபா பகுதியில் 1898இல் ஓர் ஆலை எழுந்தது. அவ்வாலையையும் நாம் பின்னர்க் காண நேரும்.

1891இல் ஒரு மாறுதல் நேர்ந்தது. நகரம் முழுவதற்கும் இருந்த தீர்வை விலக்கு நீக்கப்பட்டு, துறைமுக மதிலுக்குட்பட்ட பகுதிக்கு மட்டும் என்று குறுக்கப்பட்டது. வணிகம் இதனால் பெரிதும் குன்றவில்லை. ஆனால் நகருக்கும் துறைக்கும் இடையே அன்று முதல் ஒரு மதில் நின்றது. மதிலுக்கு உள்ளே சரக்கின் பிறப்பிடம் கேட்கப்படவில்லை. வெளியே மனிதரின் பிறப்பிடம் கேட்கப்படும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மொழிகளின் சந்தை

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர், 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,30,000 பேர் கொண்ட பெருநகராயிற்று. அக்கணக்கெடுப்பில் ஆஸ்திரிய அரசு கேட்ட கேள்வி, அன்றாட வழக்கில் நீ பேசும் மொழி யாது என்பதாகும். தாய்மொழி யாது என்று கேட்கவில்லை. நகராட்சி இத்தாலியர் கையில் இருந்தது. முதற்கணக்கில் சுலோவேனிய மொழியினர் 36,000 பேர் எனக் காட்டப்பட்டனர். எதிர்ப்பு எழுந்து அரசு மறுகணக்கு எடுத்தபோது அவ்வெண் ஏறத்தாழ 57,000 ஆயிற்று. இத்தாலிய மொழியினர் 1,19,000. ஜெர்மன் மொழியினர் 12,000. ஒரே நகரில், ஒரே ஆண்டில், இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மொழி மாறிக் கணக்கேறினர். மொழியைப் பயில்வோரும் பயிற்றுவிப்போருமாகிய நாம் இவ்வெண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். துறைமுகக் கிடங்கில் ஒரு மூட்டை காப்பி கணக்குத் தவறினால் மறுநாள் காலையில் அது வெளிப்பட்டிருக்கும்.

இச்சூழலில்தான் 1905இல் ஜாய்ஸ் இங்கு வந்து தங்கி, மொழிப்பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். 1915 வரை அவர் இங்கே வாழ்ந்தார். டப்ளின் மாந்தர் பற்றிய கதைகளில் பலவற்றையும் இளங்கலைஞனின் வாழ்வு பற்றிய நாவலையும் இங்கு எழுதினார். 'யுலிசஸ்' தொடங்கியதும் இங்குத்தான். அவர் வீட்டில் பேசப்பட்டது திரியெஸ்தேயின் வட்டார வழக்கு. அவரிடம் ஆங்கிலம் பயின்ற மாணவருள் ஒருவர் எத்தோரே ஷ்மிட்ஸ் என்னும் வணிகர். கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படியாமல் காக்கும் வண்ணப்பூச்சைச் செய்த மாமனார் நிறுவனத்தை அவர் கவனித்து வந்தார். ஆங்கிலேயருக்குப் பூச்சு விற்க ஆங்கிலம் தேவைப்பட்டது. இவரே இத்தாலோ ஸ்வேவோ என்னும் புனைபெயரில் எழுதி, 1923இல் வெளியான 'சேனோவின் மனச்சான்று' நாவலால் உலகப்புகழ் பெற்றவர். இத்தாலோ என்பது இத்தாலியரையும், ஸ்வேவோ என்பது ஜெர்மானியரில் ஒரு பிரிவினரையும் குறிக்கும். தம் பெயருக்குள்ளேயே எல்லைக்கோட்டை அழித்துக்கொண்டவர் அவர். கவிஞர் உம்பெர்த்தோ சாபா 1919 முதல் இந்நகரில் பழம்புத்தகக் கடை வைத்திருந்தார். அண்மையிலுள்ள துயினோ மாளிகையில் 1912இல் ரில்கே தம் இரங்கற்பாக்களைத் தொடங்கினார்.

இவ்வளவு எழுத்தாளரும் ஓரிடத்தில் திரண்டமை தற்செயல் என்று தோன்றலாம். ஆனால் மொழிப்பள்ளி நடக்க மாணவர் வேண்டும். மாணவர்க்கு அயல்மொழியின் தேவை வேண்டும். அத்தேவையைத் தந்தது துறைமுகம். கப்பல் பூச்சு விற்கும் முயற்சியிலிருந்து இரு பெரும் நாவலாசிரியரின் நட்பு விளைந்தது.

பின்னிலம் இழந்த காலம்

1914 ஜூலை 2ஆம் நாள் ஒரு போர்க்கப்பல் திரியெஸ்தேக்கு இரண்டு சவப்பெட்டிகளைக் கொண்டுவந்தது. சரயேவோவில் சுடப்பட்ட இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் துணைவியாரும் அவற்றுள் இருந்தனர். துறையில் இறக்கப்பட்டு, நகர வீதியில் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, தென் இருப்புப்பாதையில் வியன்னா சென்றன அப்பெட்டிகள். பழைய பேரரசு அவ்வழியில் நடத்திய கடைசிப் பெருஞ்சடங்குகளுள் இதுவும் ஒன்று.

1918 நவம்பர் 3ஆம் நாள் இத்தாலியப் படை அவுதாச்சே என்னும் கப்பலில் வந்திறங்கியது. மூழ்கிய சான் கார்லோவின்மேல் கட்டப்பட்ட கடற்பாலத்துக்கு அவுதாச்சே பாலம் என்று பெயர் மாற்றினர். நகரத்து இத்தாலியர் பலர் நெடுநாள் கனவு நனவாயிற்று என்று ஆரவாரித்தனர். ஆனால் வணிகத்தைப் பொறுத்தவரை அன்று வந்தது பெருவீழ்ச்சி. பேரரசு உடைந்து ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோசுலோவாக்கியா, யூகோசிலாவியா எனப் பல நாடுகள் எழுந்தன. ஒரே அரசின் ஒரே பாதையாக இருந்த வழியில் ஒவ்வொரு நாடும் தனித்தனிச் சுங்கச்சாவடி வைத்தது. இத்தாலிக்கோ வெனிசும் ஜெனோவாவும் நேப்பிள்சும் ஏற்கெனவே இருந்தன. மற்றொரு துறைமுகத்தின் தேவை அதற்கில்லை. பேரரசு ஒன்றுக்குத் தலைவாயிலாக இருந்த நகரம், நாடு பலவற்றுக்கு நடுவே ஓர் எல்லையூராயிற்று.

வணிகம் சுருங்கிய ஊரில் வெறுப்பு பெருகியது. 1920 ஜூலை 13ஆம் நாள், சுலோவேனியரின் பண்பாட்டு மன்றமாகிய நரோத்னி தோம் மாளிகை பாசிசக் கும்பலால் தீக்கிரையாயிற்று. நூலகமும் அரங்கமும் உணவகமும் கொண்டிருந்த அம்மாளிகை, அம்மக்களின் இலக்கியக் கூட்டங்களுக்கு இடமாக விளங்கியது. அத்தீயைச் சிறுவனாக நின்று பார்த்தவர் போரிஸ் பாஹோர். பின்னாளில் நாஜி முகாம்களில் சிறைப்பட்டு மீண்டு, சுலோவேனிய மொழியின் பேரெழுத்தாளராகி, 108 ஆண்டுகள் வாழ்ந்து 2022இல் மறைந்தார். 1923இன் கல்விச் சட்டம் பள்ளிகளிலிருந்து சுலோவேனிய மொழியைப் படிப்படியாக அகற்றியது. குடும்பப் பெயர்களும் இத்தாலிய வடிவத்துக்கு மாற்றப்பட்டன. கார்ஸ்ட் மேட்டில் வளர்ந்து, 22 வயதில் 1926இல் மறைந்த கவிஞர் ஸ்ரேச்கோ கொசோவெல், தம் மண் அயலாட்சிக்கு உட்பட்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் பாடினார்.

இக்காலத்தும் துறைமுகத்துக்குள் சரக்குக்கு உரிய தீர்வை விலக்கு நீடித்தது என்பதை மறத்தலாகாது. பிரேசில் நாட்டுக் காப்பி தன் பெயரோடு கிடங்கில் இருந்தது. மதிலுக்கு வெளியே மனிதன் தன் தந்தையின் பெயரை வைத்திருக்க முடியவில்லை.

1930களில் நடு ஐரோப்பாவிலிருந்து தப்பியோடிய யூதர்கள் ஏராளமானோர் இத்துறையில் கப்பலேறிப் பாலஸ்தீனம் சென்றனர். அதனால் சீயோனின் வாயில் என்னும் பெயர் இதற்கு உண்டாயிற்று. அதே நகரத்து நடுச்சதுக்கத்தில்தான் 1938 செப்டம்பர் 18ஆம் நாள் யூதர்க்கெதிரான இனச்சட்டங்களை முசோலினி அறிவித்தார். 1943இல் ஜெர்மானியப் படை நகரைக் கைப்பற்றியது. சான் சாபாவில் கீழ்த்திசை அரிசியைத் தீட்டிய ஆலை சிறைமுகாமாயிற்று. 1944 ஏப்ரலில் அங்கே பிணம் சுடும் உலை இயங்கத் தொடங்கியது. கொல்லப்பட்டோர் மூவாயிரத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலோர் எதிர்ப்பியக்கத்தவர், சுலோவேனியர், குரோவாசியர், இத்தாலியர் என அனைவரும் அவருள் இருந்தனர். யூதர்கள் அங்கிருந்து அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். தவிடும் உமியும் பிரித்த கட்டடத்தில் மனிதரைப் பிரித்தனர். இன்று அது நினைவுச்சின்னமாக நிற்கிறது.

1945 மே 1ஆம் நாள் யூகோசிலாவியப் படை வந்தது. அதன் 40 நாள் ஆட்சியில் பலர் பிடிக்கப்பட்டுக் காணாமற்போயினர். கார்ஸ்ட் மேட்டின் பாறைப் பிளவுகளில் வீசப்பட்டோரும் உண்டு. ஒரு கொடுமையை மற்றொன்றால் ஈடுகட்டிக் கூறுவது வரலாறாகாது. இரண்டையும் இரண்டாகவே எழுதுதல் வேண்டும்.

பதினெட்டாம் எண் கிடங்கு

1947இல் கையெழுத்தான பாரிஸ் அமைதி உடன்படிக்கை திரியெஸ்தேயை எந்நாட்டுக்கும் உரியதாக்காமல் தனி ஆட்சிப்பகுதியாக வகுத்தது. வட பகுதியை ஆங்கில–அமெரிக்கப் படையும் தென் பகுதியை யூகோசிலாவியப் படையும் ஆண்டன. உடன்படிக்கையின் எட்டாம் இணைப்பு துறைமுகத்துக்கென்றே எழுதப்பட்டது. யூகோசிலாவியா, இத்தாலி, நடு ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட உலக வணிகம் அனைத்துக்கும் இத்துறை சமநிலையில் பயன்படல் வேண்டும் என்பது அதன் சாரம். 1954 அக்டோபரில் இலண்டனில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நகரம் மீண்டும் இத்தாலியின் ஆட்சிக்கு வந்தது. தீர்வையில்லாத் துறைமுகத்தை நிலைநிறுத்தும் கடமையையும் இத்தாலி ஏற்றது. ஒரு நகரின் துறை மட்டும் பல நாடுகளின் உரிமைக்குப் பன்னாட்டு ஆவணத்தால் திறந்து வைக்கப்படுவது அரிது.

சரக்கின் உரிமை இவ்வாறு ஆவணத்தில் காக்கப்பட்ட அதே ஆண்டுகளில் மனிதர் இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். இஸ்திரியாவிலிருந்தும் தால்மேசியாவிலிருந்தும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் இத்தாலிய மொழியினர், ஊர் துறந்து வெளியேறினர். தட்டுமுட்டுப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு திரியெஸ்தே வந்த அவர்கள், வீடு கிடைக்கும் வரை அவற்றைத் துறைமுகக் கிடங்குகளில் வைத்தனர். முகாமிலிருந்து முகாமுக்கும், ஆஸ்திரேலியா போன்ற தொலைநாடுகளுக்கும் போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. நாற்காலிகள், அலமாரிகள், தொட்டில்கள், தட்டுகள், பள்ளிக் குறிப்பேடுகள் ஆகியவை உரியவர் பெயரெழுதிய சீட்டோடு பழைய துறைமுகத்தின் 18ஆம் எண் கிடங்கில் பல்லாண்டு காலம் குவிந்து கிடந்தன. கால வரம்பின்றிச் சரக்கை வைத்திருக்கலாம் என்பது தீர்வையில்லாத் துறையின் சிறப்பு விதிகளுள் ஒன்று. அவ்விதியை எழுதியவர் இப்படி ஒரு சரக்கை எண்ணியிருக்க மாட்டார்.

மீண்டும் திறந்த வழி

எல்லைக்கு அப்பால் யூகோசிலாவியா தனக்கென்று கோப்பர் துறைமுகத்தை 1957இல் தொடங்கியது. 1967இல் அதற்கு இருப்புப்பாதை இணைந்தது. ஒரே வளைகுடாப் பகுதியில், சில கல் தொலைவில், ஒரே பின்னிலத்துக்காக இரு துறைமுகங்கள் போட்டியிடும் நிலை இன்றும் தொடர்கிறது. சரக்குப் பெட்டகங்களைக் கையாள்வதில் சுலோவேனியாவின் கோப்பர் திரியெஸ்தேயை முந்திவிட்டது.

திரியெஸ்தேக்கு வாழ்வு தந்தது வேறொரு வழி. அதே 1967இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட் வரை எண்ணெய்க் குழாய்ப்பாதை இயங்கத் தொடங்கியது. பவேரியாவும் ஆஸ்திரியாவும் தம் கச்சா எண்ணெய்க்குப் பெரிதும் இதனையே நம்பியுள்ளன. 1972 ஆகஸ்டில் பாலஸ்தீனத் தீவிரவாதக் குழுவொன்று இங்குள்ள எண்ணெய்க் கலன்களைத் தகர்த்தமை, இத்துறையின் முக்கியத்துவத்தைப் பகைவரும் உணர்ந்திருந்ததைக் காட்டும். 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் இரஷிய எண்ணெயைத் தவிர்க்க விரும்பிய செக் நாடு, இக்குழாய்ப்பாதையின் கொள்ளளவைப் பெருக்கச் செய்து, 2025இல் தன் தேவைக்கு இதனைச் சார்ந்தது. 2018இல் இத்துறை கையாண்ட சரக்கு 6 கோடி டன்னுக்கு மேல். அதில் பெரும்பங்கு இவ்வெண்ணெயே.

1990களில் யூகோசிலாவியா போரில் சிதைந்தபோது, துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற லாரிகளுக்குத் தரைவழி அடைபட்டது. துருக்கியப் போக்குவரத்தாளர் ஒன்றுகூடி, லாரிகளையே கப்பலில் ஏற்றித் திரியெஸ்தேயில் இறக்கும் வழியை வகுத்தனர். இன்று இஸ்தான்புல் பகுதியிலிருந்தும் மெர்சினிலிருந்தும் வரும் இழுவண்டிகள் துறையிலேயே சரக்கு இரயிலில் ஏற்றப்பட்டு ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் செல்கின்றன. ஆண்டுக்குப் பத்தாயிரத்தை நெருங்கும் இரயில்கள் இங்கிருந்து இயங்கியதுண்டு. ஐந்து தீர்வையில்லாப் பகுதிகள் என்னும் பழைய அமைப்பு, பழைய துறைமுகத்துக்குரிய உரிமை வேறிடங்களுக்கு மாற்றப்பட்டபின் வடிவம் மாறியுள்ளது. ஆயினும் அடிப்படை விதி மாறவில்லை. வெளிநாட்டுச் சரக்கு கால வரம்பின்றி இருக்கலாம், பதப்படுத்தப்படலாம், ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்குள் புகும்போது மட்டுமே தீர்வை. நம் நாட்டுக் காப்பிக்கொட்டையை மிகுதியாக வாங்கும் இத்தாலிக்கு, காப்பி வணிகத்தின் தலைவாயில் இன்றும் திரியெஸ்தேதான்.

2004இல் சுலோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பரில் எல்லைச் சாவடிகள் அகன்றன. 1918இல் அறுந்த பின்னிலம், 89 ஆண்டுகளுக்குப்பின், எந்தப் படையும் நகராமல் திரும்பக் கிடைத்தது. ஹாம்பர்க் துறைமுக நிறுவனம் 2021இல் இங்கு ஒரு முனையத்தின் பெரும்பங்கை வாங்கியது. 1920இல் கடலை இழந்த ஹங்கேரி, ஒரு நூற்றாண்டுக்குப்பின் 300 மீட்டர் கடல்முகப்பை 60 ஆண்டுக் குத்தகையாக இங்கே பெற்றது. 2020 ஜூலை 13ஆம் நாள், தீவைத்த நூற்றாண்டு நிறைவன்று, இத்தாலி, சுலோவேனியா நாடுகளின் குடியரசுத் தலைவர் இருவர் முன்னிலையில் நரோத்னி தோம் மாளிகையைச் சுலோவேனியர்க்குத் திருப்பித் தரும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. வழி திறந்த பின்னரே அம்மன்றத்தின் கதவும் திறந்தது என்பது கருதத்தக்கது.

நிறைவாக

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. முதலாவது, துறைமுகத்தின் ஆழமும் அகலமும் மட்டும் அதனை வாழவைப்பதில்லை. 1719 ஆணை, 1857 இருப்புப்பாதை, 1947 உடன்படிக்கை, 2007 எல்லை நீக்கம் ஆகிய நான்கும் நிலத்தில் நிகழ்ந்தவை. நான்குமே அண்டை நாட்டோடு கொண்ட உறவைப் பற்றியவை. 1918க்குப் பின் கடல் அப்படியேதான் இருந்தது. அலைகள் குறையவில்லை. குறைந்தது, மறுபக்கத்து மனிதரோடு இருந்த உறவு.

இரண்டாவது, சரக்கின் வழி திறந்திருப்பதால் மட்டும் மனிதரின் வழி திறந்துவிடுவதில்லை. திரியெஸ்தே இரயில் நிலையத்தின் அருகே சிலோஸ் என்னும் பெருங்கட்டடம் நிற்கிறது. ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் தானியக் களஞ்சியமாகக் கட்டப்பட்டது அது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இஸ்திரிய ஏதிலியர் பலகைகளால் தடுத்த சிறு அறைகளில் அங்கே ஆண்டுக்கணக்கில் குடியிருந்தனர். அண்மை ஆண்டுகளில், ஆப்கானிஸ்தானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பால்கன் நாடுகள் வழியாகக் கால்நடையாய் வந்த இளைஞர்கள் அதன் இடிபாடுகளுக்குள் கூடாரம் அடித்துத் தங்கினர். 2023 அக்டோபரில் சுலோவேனிய எல்லையில் இத்தாலி மீண்டும் சோதனையைத் தொடங்கியது. 2024 ஜூன் மாதத்தில் சிலோஸ் காலி செய்யப்பட்டு, அங்கிருந்தோர் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் நடந்து வந்த மலையின் ஊடே துருக்கியின் சரக்கு இரயிலில் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தது.

பொருளியலார் இத்துறையின் டன் கணக்கை ஆண்டுதோறும் எழுதுவர். அக்கணக்கில் 18ஆம் எண் கிடங்கின் நாற்காலிகள் வாரா. 1910இல் மொழி மாற்றி எழுதப்பட்டவர்களும் வாரார். அவர்களைக் கணக்கில் சேர்க்கும் பணியை ஸ்வேவோவும் கொசோவெலும் பாஹோரும் தத்தம் மொழியில் செய்தனர். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர் பெருமக்கள், துறை என்னும் சொல்லை இனி எழுத நேரும்போது, அதன் முதுகுப்புறத்து நிலத்தையும் அந்நிலத்தில் நடந்து வருவோரையும் ஒருமுறை நினைப்பார்களாக.